ஜார்ஜ் டவுன் மரபு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கோட்டையில் தொடங்கி ஜார்ஜ் டவுன் தெருக்கள் வழியாகச் சனிக்கிழமைக் காலைகளில் ஆர்வலர்களை அழைத்துச் செல்கிறேன். வருவதற்கு முன்பு தொலைபேசியில் கேட்பவையும், நடக்கும்போது வழிமறித்துக் கேட்பவையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து வைத்தால் இரு தரப்புக்கும் வசதி.

நடை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் தொடங்குகிறோம். உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரை ஒட்டி நடந்து பாரிமுனை, அரண்மனைக்காரத் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று சென்று பூக்கடையில் முடிக்கிறோம். மூன்று மணி நேரம் ஆகும். தூரம் அதிகமில்லை, நின்று பேசுவதில்தான் நேரம் போகிறது. வருவதற்குக் கோட்டை ரயில் நிலையம் வசதி. திரும்பிச் செல்ல உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய இரண்டு மெட்ரோ நிலையங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சென்னைக்கு வயது முந்நூற்றுச் சொச்சம்தானா? மயிலாப்பூர் அதைவிடப் பழையதாயிற்றே?

இந்தக் கேள்வி வராத நடையே இல்லை. கேட்பவர் பெரும்பாலும் மயிலாப்பூர்க்காரராகவோ திருவல்லிக்கேணிக்காரராகவோ இருப்பார். அவர் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிவிட்டார்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமானால், பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி எழுத்துக்கும் ஊருக்கும் அரசனுக்கும் முந்தையது.

ஆனால் அவையெல்லாம் தனித்தனி ஊர்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிப் பெருநகரமாகத் திரண்டது எதுவோ, அது கோட்டையைச் சுற்றித்தான் தொடங்கியது. 1639 ஆகஸ்ட் 22 என்று இப்போது கொண்டாடப்படும் நாள், சந்திரகிரி அரசரின் கீழ் இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டணத்தில் கோட்டை கட்ட அனுமதி கொடுத்த நாள். அது ஜூலை 22ஆக இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. நாயக்கரின் தந்தை பெயர் சென்னப்பர். அவர் பெயரால் கோட்டைக்குப் பக்கத்தில் எழுந்த குடியிருப்புதான் சென்னப்பட்டணம்.

நம் நடை இந்தத் தொடக்கத்தை மட்டுமே பேசுகிறது. மயிலாப்பூருக்குத் தனி நடை வேண்டும். மூன்று மணி நேரத்தில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

ஆங்கிலேயர் ஏன் இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்? இங்கே துறைமுகமே இல்லையே?

துறைமுகம் இல்லை என்பதோடு நில்லாமல், கப்பலுக்கு இதைவிட மோசமான கரையைத் தேடினாலும் கிடைக்காது என்றே சொல்லலாம். கப்பல்கள் தொலைவில் ஆழ்கடலில் நங்கூரமிடும். சரக்கும் ஆட்களும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி வரவேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் கணக்கரானாலும் நம் படகோட்டிகளின் கையை நம்பி நனைந்துதான் கரையேறினார்கள். செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1875இல்தான் தொடங்கியது. 1881 புயல் அதையும் உடைத்துப் போட்டது.

பிறகு ஏன் இங்கே? துணிதான் காரணம். ஆர்மகானில், அதாவது துர்க்கராஜபட்டணத்தில் இருந்த கம்பெனியின் பண்டகசாலை சரியாக நடக்கவில்லை. இந்தப் பக்கம் துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று டே தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அவருக்கு சாந்தோமில் ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் பக்கத்திலேயே இடம் பார்த்தார் என்றொரு வதந்தி அந்தக் காலத்திலிருந்தே உலவுகிறது. நடையில் இதைச் சொன்னால் எல்லோரும் கண் விழித்துக் கேட்கிறார்கள். இருபது சதவீதத்தைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். நான் இருபது சதவீதத்தைத்தான் நம்புகிறேன்.

நெசவாளர், சாயம் போடுவோர், வெளுப்போர் என்று ஆட்களை வரவழைத்துக் குடியமர்த்தியதில்தான் ஊர் வளர்ந்தது. வண்ணாரப்பேட்டை என்ற பெயர் அந்த வேலையின் சாட்சி. கம்பெனிக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று பேசிமுடித்தவர்கள் துபாஷிகள். அவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் பேரி திம்மப்பா.

ஜார்ஜ் டவுன்தானே ஆங்கிலேயர் காலத்து முதல் ஊர்?

அல்ல. வருகிறவர்கள் பெரும்பாலும் எதிர்பாராத பதில் இதுதான். நான் இந்த நடையை நடத்துவதற்குக் காரணமும் இதுவே.

கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். அதன் வடக்கு மதிலை ஒட்டிக் கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த நம்மவர் ஊர். வீடுகள், கடைத்தெருக்கள், கோயில், அர்மேனியரின் தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. 1746 செப்டம்பரில் லாபூர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையைக் காப்பதற்காக மதிலை ஒட்டிய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1749இல் உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்த முற்றுகை 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தலைமையில் வந்து 1759 பிப்ரவரி வரை நீடித்தது. வீடுகளின் மறைவில் எதிரி கோட்டைக்கு மிக அருகில் வந்துவிடுகிறான் என்பதைக் கண்ட ஆங்கிலேயர், எஞ்சியிருந்த பழைய ஊரையும் தாங்களே தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி தடையில்லாமல் சுட வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்த வெட்டவெளியின் மேல்தான் இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கின்றன. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதாவது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வீடு கட்டவிடவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். இந்த இரண்டு பேட்டைகளும் சேர்ந்ததுதான் பிற்பாடு ஜார்ஜ் டவுன். அந்தப் பெயரே 1911இல் வந்தது.

ஆகவே முதல் சென்னையைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவரிடம் காட்ட முதல் சென்னை இல்லை. அங்கிருந்து பெயர்ந்து வேறு இடம் போன கோயில், கல்லறைக் கல், தூண் ஆகியவை இருக்கின்றன. அவற்றின் பின்னால்தான் நடக்கிறோம்.

இடித்த ஊருக்கு ஏதாவது அடையாளம் மிச்சமிருக்கிறதா?

ஒன்று இருக்கிறது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக, என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பார்த்தபடி ஒரு சிறு கல்தூண் நிற்கிறது. கோட்டையிலிருந்து இதுவரைக்கும் எவரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட 1773இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சியது இதுதான். அதைத் தாண்டி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். நின்று படிப்பவரைக் காண்பது அரிது. கும்பலாக நாம் நின்று அதைப் பார்க்கும்போது, என்ன கூட்டம் என்று விசாரிக்க இன்னொரு கும்பல் சேர்ந்துவிடும். அவர்களையும் சேர்த்தே கதை சொல்லிவிடுவது என் வழக்கம்.

கோட்டைக்குள் பொதுமக்களை விடுவார்களா?

விடுவார்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. ஆதார் போன்ற அடையாள அட்டை கொண்டு வாருங்கள். வெளிநாட்டவர் பாஸ்போர்ட் கொண்டு வரவேண்டும். தேவாலயமும் கோட்டை அருங்காட்சியகமும் பார்வையாளருக்குத் திறந்தவை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சட்டமன்றக் கட்டடத்துக்குள் போக முடியாது.

போக முடியாவிட்டாலும் அதன் கறுப்புத் தூண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன். பல்லாவரத்துக் கருங்கல்லில் செதுக்கிய இந்தத் தூண்கள் முதலில் கோட்டைக்கும் கடலுக்கும் இடையே ஒரு தூண்வரிசையாக நின்றன. 1746இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதே தூண்களை மீண்டும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். போருக்குப் போய்த் திரும்பிய தூண்கள் என்று குழந்தைகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

தேவாலய முற்றத்தில் கல்லறைக் கற்களின் மேல் நடக்கச் சொல்கிறீர்களே, அது சரியா?

கற்களுக்குக் கீழே எவரும் இல்லை. பழைய இடுகாடு, இப்போது பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் அங்கிருந்த உயரமான சமாதிகளின் பின்னால் பிரெஞ்சுப் படையினர் மறைந்து நின்றார்கள். முற்றுகை முடிந்ததும் சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டார்கள். ஹைதர் அலியின் படை அச்சுறுத்தியபோது இவற்றில் சிலவற்றைப் பீரங்கி மேடைக்காக மீண்டும் பெயர்த்தார்கள். செத்த பிறகும் அந்தக் கற்களுக்கு ஓய்வில்லை. லத்தீன், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என்று பல மொழி எழுத்துக்கள் இருக்கின்றன. எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் 1652ஆம் ஆண்டுக் கல் இந்தியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கல்லாகச் சொல்லப்படுகிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துக்கள் நன்றாகத் தெரியும். சீக்கிரம் வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே நடக்க மனமில்லாதவர்கள் ஓரமாக வரலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இடிப்பில் தப்பிய சமாதிகள் பழைய சட்டக் கல்லூரி வளாகத்திலேயே நிற்கின்றன. அங்கே கூர்முனைக் கட்டடத்தின் கீழ் இருப்பவர்கள் ஜோசப் ஹின்மர்ஸும், எலைஹு யேலின் சிறுவயதில் இறந்த மகன் டேவிட்டும்.

யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரா?

அவரேதான். ஹின்மர்ஸின் விதவையைத்தான் யேல் மணந்தார். 1680 அக்டோபரில் திறப்பு கண்ட புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. நவம்பர் 4ஆம் தேதி. ராபர்ட் கிளைவின் திருமணமும் 1753இல் இங்கேயே நடந்தது. யேல் பிற்பாடு கவர்னரானார். நாட்டின் முதல் மாநகராட்சியான சென்னை மாநகராட்சி 1688இல் அவர் காலத்தில்தான் தொடங்கியது. முறைகேட்டுப் புகார்களுக்கிடையே 1692இல் பதவி இழந்தார். இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து ஒன்பது பொதி சரக்கும் 417 நூல்களும் அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு கல்லூரிக்கு அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அதற்கு ஈடாக ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கிடைத்தது. அவர் ஆட்சியில் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதையும் நடையில் சொல்கிறேன். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கொடை வள்ளல் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கோயில்கள் உண்டா?

உண்டு. காலணி கழற்ற எளிதாக இருக்கட்டும்.

முக்கியமானது பூக்கடையில், தேவராஜ முதலித் தெருவில் இருக்கும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில். ‘பட்டணம் கோயில்’ என்றால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வழி காட்டுவார்கள். 1640களில் எழுந்த மூலக் கோயில், இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் மறுபடி வரக்கூடும் என்ற அச்சத்தில் 1757இல் அதை இடித்துவிட்டார்கள். மக்கள் கொதித்துப்போனதால் 1762இல் கம்பெனி மாற்றுநிலம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கோயிலைக் கட்டி எழுப்பினார். பூ, காகிதம், ஸ்டீல் பாத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று கடைகள் நெருக்கும் சந்துகளுக்கு நடுவே கோயிலுக்குள் நுழைந்தால் நீண்ட வெளிச்சுற்றும் குளமும் வந்து நிற்கும். சந்தை இரைச்சல் மதிலோடு நின்றுவிடுகிறது.

தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலும் கோட்டைப் பக்கமிருந்து இடம் மாறி வந்தது என்பது கோயில் மரபு.

காளிகாம்பாள் கோயிலுக்கு சிவாஜி வந்தது உண்மையா?

1677 அக்டோபர் 3 என்று கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு அவர் தென்னாட்டுப் படையெடுப்பில் இருந்தது வரலாறு. மருந்துகள் கேட்டுக் கோட்டைக்கு ஆளனுப்பியதும், ஆங்கிலேயர் பணிவோடு அனுப்பி வைத்ததும் கம்பெனி ஆவணங்களில் இருக்கின்றன. கோயிலுக்கு வந்தது பற்றி அவற்றில் பேச்சில்லை. மாறுவேடத்தில் வந்தால் எப்படி எழுதுவார்கள் என்று அங்கே பூ விற்கும் அம்மா ஒருமுறை என்னை மடக்கினார். பாரதியார் இங்கே வழிபட்டது பற்றி எவரும் சண்டை போடுவதில்லை.

அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனை இருந்தது?

எதுவும் இல்லை, அது அர்மேனியர் தெரு. மக்கள் வாயில் அரண்மனையாகிவிட்டது. அவர்களுடைய தேவாலயமும் இடம் பெயர்ந்ததுதான். 1712இல் கட்டியது பழைய ஊரோடு போனது. இப்போதுள்ளது 1772ஆம் ஆண்டுக் கட்டடம். தெருவின் இரைச்சலிலிருந்து கனத்த கதவைத் தாண்டினால் நாகலிங்க மரம், மணிக்கூண்டில் ஆறு மணிகள், தரையில் சுமார் 350 கல்லறைகள். உலகின் முதல் அர்மேனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் அச்சானது. நடத்தியவர் பாதிரியார் ஷ்மாவோனியன். பட்டு, மணிக்கற்கள் என்று வணிகம் செய்து செழித்த அந்தச் சமூகத்தில் இன்று ஊரில் அநேகமாக எவரும் இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தைத் தன் பணத்தில் 1726இல் கட்டிய கோஜா பெத்ருஸ் உஸ்கானும் அர்மேனியரே.

ஊருக்குள் சாதித் தகராறுகள் பற்றியும் பேசுவீர்களா?

பேசாமல் இந்தத் தெருக்களைப் புரிந்துகொள்ள முடியாது. வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகள். எந்தத் தெரு வழியாக யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம், யாருடைய பிணம் போகலாம் என்பதில் 1652இலேயே கலவரம் மூண்டது. 1707இல் மறுபடி வெடித்தபோது வலங்கையினர் பலர் ஊரைவிட்டே வெளியேறி சாந்தோமுக்குப் போனார்கள். கம்பெனியின் வேலை நின்றுபோனது. கவர்னர் தாமஸ் பிட் கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையினருக்கும் ஒதுக்கி எல்லைக்கல் நட்டார். இரண்டுக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் தூர்த்துத் தெருவாக்கினார். அதுதான் பிராட்வே, இப்போதைய பிரகாசம் சாலை.

வால்டாக்ஸ் சாலையும் ஏழு கிணறும் ஏன் பட்டியலில் இல்லை?

தூரம்தான் காரணம். இடித்துக் குடியேற்றிய புதிய ஊரைச் சுற்றி 1760களின் இறுதியில் மதில் கட்டினார்கள். செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள். வரி வசூலானதாகத் தெரியவில்லை, ‘வால் டாக்ஸ்’ (மதில் வரி) என்ற பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச்சாலை சாலையில், மாடிப் பூங்காவாக இருக்கிறது. கோட்டைக்குக் குடிநீர் தர 1772இல் அமைந்த ஏழு கிணறுப் பகுதியில் வள்ளலார் வாழ்ந்த வீடும் உண்டு. அவர் பாடிய கந்தகோட்டம் முருகன் கோயில் பூக்கடைக்கு அருகில்தான். கால் வலிக்காதவர்கள் நடை முடிந்ததும் கந்தகோட்டம் போய் வரலாம்.

எந்த மாதம் நல்லது? என்ன கொண்டுவர வேண்டும்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் நான் நடத்துவதில்லை. ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டி ஊரெங்கும் நடைகள் நடக்கும். 2004இல் ஒரு சில ஆர்வலர்கள் தொடங்கிய கொண்டாட்டம் அது. அப்போது கூட்டம் அதிகம், புழுக்கமும் அதிகம். தண்ணீர், தொப்பி, அழுக்கானால் பரவாயில்லை என்ற செருப்பு. சந்துகளில் மீன்பாடி வண்டி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்; அவர்கள் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் முடியாது.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

கோட்டைப் பகுதி எல்லோருக்கும் எளிது. பாரிமுனைக்குப் பிறகு நடைபாதை என்று ஒன்று இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் அர்மேனியத் தேவாலயத்தோடு நிறுத்திக்கொண்டு அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குக் கோட்டைக்குள் மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். முன்கூட்டிச் சொன்னால் போதும். கழிப்பறை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தது எங்கே என்பதற்கு உறுதியான பதில் கிடையாது, அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா?

தெருவில் தாராளமாக. கோட்டையின் வாசல்களிலும் ராணுவப் பகுதியிலும் கூடாது. கோயில் கருவறைப் பக்கம் கூடாது. கடையில் வேலை செய்பவரை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்; பெரும்பாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள்.

சாப்பாடு?

முடியும் இடத்திலிருந்து சௌகார்பேட்டை நடந்துபோகும் தூரம். கச்சோரி, ஜிலேபி, லஸ்ஸி எல்லாம் அங்கே. மாலையில் வர முடிந்தால் பர்மா பஜார் பின்னாலுள்ள தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். அது 20ஆம் நூற்றாண்டுக் கதை, நம் நடையின் எல்லைக்குள் வராது. ஆனால் வாழைத்தண்டு சூப்போடு சாப்பிடும்போது யாரும் எல்லை பார்ப்பதில்லை.

வழிகாட்டி இல்லாமல் தனியாக நடக்கலாமா? ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

நடக்கலாம். எல்லாம் பொது இடங்கள்தான். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி முதலில் பாரிமுனை எல்லைத் தூணைப் பாருங்கள். முதுகை அதற்குக் காட்டி, நீதிமன்றச் சிவப்புக் கோபுரங்கள் நிற்கும் பக்கம் நோக்கி நின்றால் உங்களுக்கு முன்னால் கோட்டை வரை இருப்பது முழுவதும் இடிபட்ட ஊர். பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்து பூக்கடைப் பட்டணம் கோயிலுக்குப் போங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு முன் போய்ச் சேருங்கள், அதன்பின் நடை சாத்திவிடுவார்கள், மாலைதான் திறப்பார்கள்.